கேம்பாய் கலரில் எல்எஸ்டிஜே: மிஸ்ர சாபு, தம்புரா, கமகம் எல்லாம் நாலு சேனலுக்குள் வருமா?

ஜதி_ஜெயநகர் (கேள்வி)

பெங்களூரில் இருக்கும் சிப்டியூன் (பழைய கேம் மெஷின் ஒலியில் செய்யும் இசை) ஆட்கள் யாராவது உதவுங்கள். கையில் நல்ல நிலையில் ஒரு கேம்பாய் கலர் இருக்கிறது. ஃப்ளாஷ் கார்ட் (நாமே நிரல் ஏற்றிக்கொள்ளும் கேம் கார்ட்ரிட்ஜ்) இன்னும் வாங்கவில்லை. எல்எஸ்டிஜே என்ற கேம்பாய் இசை மென்பொருளைக் கம்ப்யூட்டரில் எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்து சாங், செயின், ஃப்ரேஸ் என்ற அடுக்குமுறை (ஸ்டெப்கள் சேர்ந்து ஃப்ரேஸ், ஃப்ரேஸ்கள் சேர்ந்து செயின், செயின்கள் சேர்ந்து சாங்) பிடிபட்டுவிட்டது. செய்ய நினைப்பது இதுதான்: மிஸ்ர சாபுவில் (7 மாத்திரைத் தாளம்) ஒரு மூன்று நிமிட உருப்படி. அடியில் தம்புரா, மேலே ஒரு ராக மெலடி, மிருதங்கம் மாதிரி ஒரு தாளக்கட்டு. நடுவில் ஓரிரு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) திஸ்ர நடை (அடிக்கு 3), கண்ட நடை (அடிக்கு 5).

எனக்குத் தெரிய வேண்டியவை:

எந்த கார்ட் வாங்கலாம்? ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கார்ட்கள் போதுமா?

ஃப்ரேஸுக்கு 16 ஸ்டெப்தான். அதில் 7 எப்படி உட்காரும்? நடை மாற்றினால் மற்ற சேனல்களோடு (பல்ஸ் இரண்டு, வேவ், நாய்ஸ் என்று மொத்தம் நாலு) ஒட்டுமா?

விப்ராட்டோ போட்டால் கமகம் (ஸ்வரத்தை அசைத்து இசைப்பது) மாதிரியே இல்லை, நடுக்கம் மாதிரிதான் கேட்கிறது. வேறு வழி உண்டா?

ஹெட்போன் அவுட்டில் இருந்து லேப்டாப்புக்குப் பதிவு செய்யும்போது ஒரு ‘ஊஊ’ சத்தமும், அதற்கு மேலே ஒரு மெல்லிய விசிலும் வருகிறது. பழைய திரையை எடுத்துவிட்டு பேக்லைட் உள்ள ஐபிஎஸ் திரை போட்டிருக்கிறது. அதனால்தானா?

நாலு_சேனல்

கார்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பார்க்க வேண்டியவை இரண்டே இரண்டு: சேவ் ரேம் 128 கேபி இருக்க வேண்டும், எம்பிசி5 வகையாக (கார்டின் நினைவகத்தைக் கையாளும் சில்லின் வகை) இருக்க வேண்டும். எல்எஸ்டிஜே அந்த 128 கேபியில் 32 கேபியை இப்போது திறந்திருக்கும் பாட்டுக்கு வைத்துக்கொள்கிறது. மிச்சத்தில்தான் ஃபைல் பட்டியலில் இருக்கும் பாட்டுகளைச் சுருக்கி வைக்கிறது, அதிகபட்சம் 32 பாட்டு. மலிவான ரீப்ரோ (நகல்) கார்ட்களில் பெரும்பாலும் 32 கேபிதான் இருக்கும். ஒரு பாட்டு ஓடும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும், ஃபைலில் சேமிக்கப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். எவர்டிரைவ் ஜிபி வரிசை, இஸட்-ஃப்ளாஷ் ஜூனியர் இரண்டிலும் இந்தப் பிரச்சினை கிடையாது. கார்ட் கைக்கு வந்ததும் முதல் வேலை: ஒரு சின்ன ஃப்ரேஸ் எழுதி, ஃபைலில் சேமித்து, மெஷினை அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். இருந்தால்தான் அந்த கார்டை நம்பலாம்.

இன்னொன்று. எஸ்டி கார்டு போடும் ஃப்ளாஷ் கார்ட்கள் பலவற்றில், சேவ் உடனே எஸ்டிக்குப் போகாது. ஃப்ளாஷ் கார்டுக்குள் இருக்கும் பேட்டரி ரேமில் தங்கி, மெனுவுக்குத் திரும்பும்போதோ அடுத்த முறை ஆன் செய்யும்போதோதான் எஸ்டியில் எழுதப்படும். அந்த நேரத்தில் ஏஏ செல் பலவீனமாக இருந்து மெஷின் அணைந்தால் சேவ் ஃபைல் கெட்டுவிடும். இந்த வகை ஃப்ளாஷ் கார்ட் சாதாரண கேமை விட அதிக மின்சாரம் இழுக்கும், ஆகவே சிவப்பு விளக்கு மங்கும் வரை காத்திருக்காமல் செல்லை மாற்றுங்கள். கம்ப்யூட்டரில் எடுத்து வைக்கும் சேவ் ஃபைல் 1,31,072 பைட் இருக்க வேண்டும். அதைவிடச் சின்னதாக இருந்தால், எமுலேட்டரோ கார்டோ பாதியைத்தான் எழுதியிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது தாளம். இதுதான் எல்எஸ்டிஜேயில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, நம் லயத்துக்கு இவ்வளவு அழகாக வளைந்து கொடுக்கும் மென்பொருள் குறைவு.

திரையில் ஸ்டெப் எண்கள் 0 முதல் 9, பிறகு ஏ, பி, சி, டி, ஈ, எஃப். ஹெச் கட்டளை என்றால் தாவு. ஹெச்00 எழுதிய வரிக்கு வந்ததும், அந்த வரி நேரம் எதுவும் எடுத்துக்கொள்ளாமல், அடுத்த ஃப்ரேஸின் தொடக்கத்துக்குப் போய்விடும். மிஸ்ர சாபுவில் ஒரு மாத்திரைக்கு 2 ஸ்டெப் கொடுத்தால் 14 ஸ்டெப். 0 முதல் டி வரை 14 வரி, ஆகவே ஹெச்00-ஐ ஈ வரியில் போடுங்கள். தகிட 0-வில் தொடங்கும், தகதிமி 6-ல் தொடங்கும், அதன் பாதி ஏ வரியில் விழும். ஜால்ராவை 0, 6, ஏ மூன்றிலும் வைத்துக் கேளுங்கள், சாபு உடனே காதில் நிற்கும். கண்ட சாபு என்றால் 10 ஸ்டெப், ஹெச்00 ஏ வரியில். டெம்போ 120 என்று வைத்தால் நிமிடத்துக்கு 480 ஸ்டெப், அதாவது 240 மாத்திரை. அதைப் பார்த்து உங்கள் காலப்பிரமாணத்தை வைத்துக்கொள்ளலாம்.

ஹெச் ஒரு சேனலுக்கு மட்டும்தான் வேலை செய்யும். நாலு சேனலிலும் பயன்படும் ஒவ்வொரு ஃப்ரேஸிலும் அது இருக்க வேண்டும். ஒரே ஒரு காலி ஃப்ரேஸில் மறந்துவிட்டால் கூட அந்தச் சேனல் 2 ஸ்டெப் பின்தங்கும், அப்புறம் பாட்டு முழுக்க இழுத்துக்கொண்டே போகும். புதிதாகத் தொடங்கும்போதே ஹெச்00 மட்டும் உள்ள ஒரு வெற்று ஃப்ரேஸ் செய்து, அதை க்ளோன் செய்தே மற்றதையெல்லாம் எழுதுங்கள்.

வேண்டுமென்றே ஒட்டாமல் விடுவதும் நல்ல உத்திதான். மெலடி 14 ஸ்டெப்பில், மற்றவை 16 ஸ்டெப்பில் ஓடினால் 112 ஸ்டெப் கழித்து இரண்டும் ஒரே சமத்தில் வந்து சேரும்: 14-ல் 8 ஃப்ரேஸ், 16-ல் 7 ஃப்ரேஸ். ஒரு செயினில் 16 ஃப்ரேஸ் வரை போகலாம் என்பதால் இரண்டுமே ஒவ்வொரு செயினுக்குள் அடங்கிவிடும். கோர்வை முடித்து எடுப்புக்கு வந்து விழும் சுகம் அப்படியே கிடைக்கும்.

நடைக்கு க்ரூவ் திரை. சாதாரணமாக க்ரூவ் 0-வில் 6, 6 என்று இருக்கும். ஒரு ஸ்டெப்புக்கு 6 டிக் (டிக் என்பது இதன் மிகச் சிறிய நேர அலகு). நாலு ஸ்டெப் ஒரு அடி, ஆக ஒரு அடிக்கு 24 டிக். இந்த 24-ஐ எப்படிப் பங்கு போடுகிறோம் என்பதுதான் நடை:

திஸ்ரம்: 8. மூன்று ஸ்டெப் சேர்ந்து 24.
கண்டம்: 5, 5, 5, 5, 4.
மிஸ்ரம்: 4, 3, 3, 4, 3, 4, 3.

திஸ்ரத்துக்கு 12 ஸ்டெப் ஃப்ரேஸ், ஹெச்00 சி வரியில். 12 × 8 = 96 டிக். சதுஸ்ரத்தில் 16 × 6 = 96 டிக். ஆகவே ஒரு சேனல் திஸ்ரத்தில் ஓட, மற்ற மூன்றும் சதுஸ்ரத்தில் ஓடினாலும் ஃப்ரேஸ் முடிவில் துல்லியமாகச் சேரும். கண்டத்துக்கு 10 ஸ்டெப்பில் இரண்டு ஃப்ரேஸ், மிஸ்ரத்துக்கு 14 ஸ்டெப்பில் இரண்டு ஃப்ரேஸ். இரண்டுமே 96 டிக்.

கண்ட நடையை 16 ஸ்டெப் ஃப்ரேஸில் எழுதாதீர்கள். க்ரூவில் 5 எண், ஃப்ரேஸில் 16 வரி. 4 டிக் ஸ்டெப் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும், நடை தள்ளாடும். நடை மாறும் ஃப்ரேஸின் 0-வது வரியில் ஜி கட்டளையால் அந்த க்ரூவைக் கூப்பிடுங்கள், முடிந்ததும் ஜி00 போட்டுத் திரும்புங்கள். திரும்ப மறந்தால் அந்தச் சேனல் அதே நடையில்தான் போய்க்கொண்டிருக்கும்.

நீங்கள் கேட்ட உருப்படி சாபுவில் இருக்கிறது என்பதால் ஒரு கணக்கு. 14 ஸ்டெப் ஃப்ரேஸ் 84 டிக். திஸ்ரத்துக்கு மாறும் ஆவர்த்தனத்தில் ஸ்டெப் 8 டிக் என்றால் 84-ல் பத்தரை ஸ்டெப்தான் வரும். ஆகவே இரண்டு ஆவர்த்தனத்தைச் சேர்த்து எடுங்கள்: 168 டிக், 21 ஸ்டெப். ஒரு ஃப்ரேஸில் 12, அடுத்ததில் 9. கண்டத்துக்கும் அப்படியே: 168 டிக் என்பது 7 அடி, 35 ஸ்டெப். 15, 10, 10 என்று மூன்று ஃப்ரேஸாக உடைத்தால் க்ரூவும் ஒவ்வொரு ஃப்ரேஸின் தொடக்கத்திலும் சரியாக முதல் எண்ணிலேயே வந்து நிற்கும்.

ஸ்வரம்_ஹலசூரு

மேலே சொன்ன 21 ஸ்டெப், 35 ஸ்டெப் கணக்கு மிகச் சரி. நான் சுருதியும் கமகமும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விப்ராட்டோ ஏன் நடுக்கமாகக் கேட்கிறது? வி கட்டளை ஸ்வரத்தின் இரண்டு பக்கமும் சம அளவில், சம வேகத்தில் ஆட்டுகிறது. நம் கம்பிதம் (அசைவு வகைக் கமகம்) அப்படி இல்லை. ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டு, சற்று நின்று இறங்குகிறது. தோடி காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைவது. ஒரு கட்டை சுருதியில் அதைச் செய்ய ரி, ம, ரி, ம என்று இரண்டிரண்டு ஸ்டெப் இடைவெளியில் எழுதி, முதல் ரியைத் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எல் கட்டளை போடுங்கள். எல் என்றால் முந்தைய ஸ்வரத்தில் இருந்து இந்த ஸ்வரத்துக்கு வழுக்கிப் போ. எண் சறுக்கலின் வேகம். சறுக்கல் ஒரு ஸ்டெப்புக்குள் முடிந்து, அடுத்த ஸ்டெப்பில் ஸ்வரம் கொஞ்சம் நிற்கிற மாதிரி எண்ணை மாற்றிப் பாருங்கள். அந்த நிற்றல்தான் உயிர், அது இல்லையென்றால் சைரன். இன்ஸ்ட்ருமென்ட்டில் என்வலப் (ஒலி எழுந்து தேயும் விதம்) தேயாமல் நிற்க வேண்டும். தேயும் என்வலப் வைத்தால் இரண்டாவது அசைவுக்குள் ஒலி செத்துவிடும்.

எல்லா ஸ்வரத்துக்கும் இப்படி எழுதினால் ஃப்ரேஸ் நிரம்பிவிடும். அடிக்கடி வரும் சிறு பிடிகளை டேபிளில் (ஸ்வரத்தோடு சேர்ந்து ஓடும் சிறு கட்டளைப் பட்டியல்) வையுங்கள். டேபிள் வரிக்கு ஒரு டிக் என்று ஓடும். 120 டெம்போவில் ஒரு டிக் சுமார் 21 மில்லி விநாடி, 16 வரியும் மூன்றில் ஒரு விநாடியில் முடிந்துவிடும். மெதுவாக வேண்டும் என்றால் டேபிளுக்குள்ளேயே ஜி கட்டளை கொடுங்கள். டேபிளின் டிஎஸ்பி (ட்ரான்ஸ்போஸ்) பத்தி அரை ஸ்வர அளவில் தாவும், வழுக்காது. ஸ்புரிதம் மாதிரி தட்டி எடுக்கும் கமகத்துக்கு அது பொருத்தம், அசைவுக்கு இல்லை.

அடுத்து பலர் கவனிக்காத ஒன்று. கேம்பாயின் சுருதி தொடர்ச்சியானது இல்லை, படிப்படியானது. பல்ஸ் சேனலின் அதிர்வெண் = 1,31,072 ÷ (2048 − பதிவேட்டு எண்). மத்ய ஸ்தாயி ஸட்ஜம் ஒரு கட்டையில் சுமார் 261.6 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் வகுக்கும் எண் 501, ஒரு படி நகர்ந்தால் சுமார் 3.5 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). காதுக்குத் தெரியாது. ஒரு ஸ்தாயி மேலே போனால் படி 7 சென்ட், இன்னொன்று மேலே போனால் 14, அதற்கும் மேலே 28. அங்கே சறுக்கல் போட்டால் ஏணிப்படி ஏறுகிற மாதிரி கேட்கும். வேவ் சேனலில் சூத்திரத்தின் மேல் எண் பாதி, 65,536. அதே ஸ்வரத்துக்குப் படி இரு மடங்கு பெரிசு. ஆகவே கமகம் செறிந்த மெலடி பல்ஸில், மந்த்ர, மத்ய ஸ்தாயியில். தாரத்தில் நின்று பாட வேண்டிய இடங்களில் அசைவைக் குறைத்து ஸ்வரத்தை நேராகப் பிடியுங்கள்.

கீழேயும் எல்லை உண்டு. பல்ஸ் 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாது, வேவ் 32 வரை போகும். சுருதி மாற்ற ஒவ்வொரு ஸ்வரத்தையும் திருத்த வேண்டாம். ப்ராஜெக்ட் திரையில் ட்ரான்ஸ்போஸ் இருக்கிறது, ஒரு கட்டையில் எழுதியதை ஐந்து கட்டைக்கு 7 அரை ஸ்வரம் ஏற்றினால் போதும். ஏற்றும்போது மேலே சொன்ன படியும் பெரிதாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

தம்புரா வேவ் சேனலில்தான் அழகு. சின்த் திரையில் ரம்பப் பல் அலையை எடுத்து, லோ பாஸ் ஃபில்டர் வைத்து, ரெஸனன்ஸைக் கொஞ்சம் ஏற்றி, கட்ஆஃப் மேலே தொடங்கிக் கீழே முடியும்படி கொடுங்கள். 16 அலைச் சட்டங்கள் உருவாகும். இன்ஸ்ட்ருமென்ட்டில் ‘ஒன்ஸ்’ வைத்து வேகத்தைக் குறைத்தால் மீட்டியவுடன் மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக இறங்கும், ஜீவா (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) போட்ட தந்தியின் சாயல் வரும். ப, மேல் ஸ, மேல் ஸ, கீழ் ஸ என்ற வரிசையில் மீட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும், தந்திகள் ஒன்றோடொன்று கலக்காது. வேவ் சேனலுக்கு வால்யூம் நாலே நிலை என்பதால் மெல்லத் தேய விடவும் முடியாது. அதை அலையை வரையும்போதே உயரம் குறைத்து வரைந்துதான் சரிக்கட்ட வேண்டும்.

ஜதி_ஜெயநகர்

இரண்டு பதிலுக்கும் ரொம்ப நன்றி. க்ரூவ் எண்களை எமுலேட்டரில் போட்டுப் பார்த்தேன், திஸ்ரம் கச்சிதமாகச் சேர்கிறது. இப்போது அடுத்த சிக்கல்: மிருதங்கச் சொற்களை சாம்பிளாகப் போடலாம் என்று பார்த்தால் கிட் (சாம்பிள் தொகுப்பு) என்பது வேவ் சேனலில்தான் ஓடுகிறது. அப்படியானால் தம்புராவா, மிருதங்கமா?

நாலு_சேனல்

ஆமாம், அதுதான் இந்த மெஷினில் நிஜமான பேரம். மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, மிருதங்கத்தை சாம்பிள் இல்லாமல் கட்டுவது. இடது பக்கமான தொப்பியின் ‘தொம்’ சொல்லுக்கு இரண்டாவது பல்ஸ் சேனல்: கீழ் ஸ்தாயி ஸ்வரம், இன்ஸ்ட்ருமென்ட்டில் பிட்ச் முறையை ‘டிரம்’ என்று மாற்றி, பிட்ச் பெண்ட் கட்டளையால் வேகமாகக் கீழே இறக்குங்கள். எண் எஃப்0-வில் தொடங்கிக் காதால் சரி செய்யலாம். வலது பக்கமான வலந்தலையின் ‘தா’, ‘தி’ சொற்களுக்கு நாய்ஸ் சேனலில் மிகக் குட்டையான என்வலப். நாய்ஸுக்கு 15 பிட், 7 பிட் என்று இரண்டு குணம் உண்டு. 7 பிட்டில் உலோக வாடை வரும், ஜால்ராவுக்கு அது. 15 பிட் காற்றுச் சத்தம், தோலுக்கு அது. இந்த வழியில் மெலடிக்கு ஒரே பல்ஸ்தான் மிஞ்சும். நம் இசைக்கு அது போதும் என்பது என் கருத்து, எதிரொலிக்கும் இசைவுக்கும் சேனலைச் செலவழிப்பதை விட லயத்துக்குச் செலவழிப்பது நல்லது.

இரண்டாவது வழி, வேவ் சேனலை இரண்டு பேருக்கும் பங்கிடுவது. மிருதங்கச் சொல் விழும் ஸ்டெப்பில் கிட், அடுத்த ஸ்டெப்பிலேயே தம்புரா ஸ்வரம். சொல் விழும்போது தம்புரா அறுபடும். அறுபடுவது தெரியாமல் இருக்க, மெலடி ஓய்வாக இருக்கும் இடங்களில் இரண்டாவது பல்ஸில் 12.5 சதவீத டியூட்டியில், மிகக் குறைந்த வால்யூமில் ஸட்ஜத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தனி ஆவர்த்தனப் பகுதியில் தம்புராவை முழுக்க விட்டுவிட்டு கிட் மட்டும் ஓட விடலாம்.

கிட் செய்வதற்கான கணக்கு: சாம்பிள் 4 பிட், 11,468 ஹெர்ட்ஸ், மோனோ. ஒரு கிட் 16 கேபி, 15 சொல் வரை. 16,384 பைட்டில் பைட்டுக்கு இரண்டு மாதிரி, ஆக மொத்தம் சுமார் 2.8 விநாடிதான். தொம், தீம் இரண்டுக்கும் 0.4 விநாடி, நம், சாபு இரண்டுக்கும் 0.25, மற்ற பதினொன்றுக்கும் 0.12 என்று வைத்தால் 2.62 விநாடி, அடங்கிவிடும். எல்எஸ்டிபேட்ச் என்ற ஜாவா நிரலில் டபிள்யூஏவி ஃபைல்களை இழுத்துப் போட்டால் கிட் ஆகிவிடும். 4 பிட் என்றால் 16 நிலைகள்தான். சொல்லின் மெல்லிய வால் பகுதி முழுக்க ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலாகிவிடும், அதனால் பதிவை நன்றாக உரக்க ஏற்றி, வாலை வெட்டி, கடைசி 10 மில்லி விநாடியை மங்க வைத்துக் கொடுங்கள். மிருதங்கத்தின் கீழ் அதிர்வு இந்த அளவில் நன்றாகவே தப்பிப் பிழைக்கும், மீட்டுச் சொல்லின் இனிமைதான் கொஞ்சம் போகும்.

ரோமை (எல்எஸ்டிஜே நிரல் ஃபைலை) புதுப்பிக்கும்போது கிட்களையும் அதே நிரலில் பழைய ரோமில் இருந்து இறக்குமதி செய்ய வேண்டும். கிட் ரோமில் இருக்கிறது, சேவில் இல்லை. புது ரோமை அப்படியே கார்டில் போட்டால் பாட்டு இருக்கும், மிருதங்கம் இருக்காது.

பேட்டை_பிஎஸ்பி

மூன்றாவது வழியை நான் சொல்கிறேன்: சேனல் போதவில்லை என்றால் மெஷினை மாற்றுங்கள். நம் ஊரில் கேம்பாயை விட பழைய பிஎஸ்பி (சோனியின் கையடக்க கேம் மெஷின்) எளிதாகக் கிடைக்கும். அதில் லிட்டில்ஜிபிட்ராக்கர் என்ற இசை மென்பொருள் ஓடும், மார்க் நோஸ்ட்ரோமோ எழுதியது. யோஹான் கொட்லின்ஸ்கியின் எல்எஸ்டிஜேயை அடியொற்றியது, அதே சாங், செயின், ஃப்ரேஸ், டேபிள், க்ரூவ். மேலே சொன்ன நடை எண்கள் அப்படியே பொருந்தும். ஆனால் 8 டிராக், எல்லாமே சாம்பிள், 16 பிட் டபிள்யூஏவி. அசல் தம்புராப் பதிவு ஒரு டிராக்கில் லூப்பாக ஓட, மிருதங்கத்துக்கு இரண்டு டிராக் கொடுத்தாலும் ஐந்து மிஞ்சும்.

கஸ்டம் ஃபர்ம்வேர் போட்ட பிஎஸ்பியில் மெமரி ஸ்டிக்கின் பிஎஸ்பி ஃபோல்டருக்குள் கேம் ஃபோல்டரில் நிரலை வையுங்கள். சாம்பிள்களை அதன் சாம்பிள்லிப் ஃபோல்டரில் போட்டு உள்ளே இருந்து இறக்குமதி செய்ய வேண்டும். எல்லா சாம்பிளும் ரேமில் ஏறும் என்பதுதான் வரம்பு: முதல் தலைமுறை 1000 மாடலில் மொத்தமே 32 எம்பி, 2000, 3000-ல் 64 எம்பி. பத்து நிமிட ஸ்டீரியோ தம்புராவை ஏற்றாதீர்கள். ஒரு சுற்று மீட்டல், மோனோ, லூப் புள்ளி சுத்தமாக வெட்டியது, அதுவே போதும். போலி மெமரி ஸ்டிக் நிறைய உலவுகிறது, வாங்கியதும் முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள். பாதி நிரம்பியதும் ப்ராஜெக்ட் திறக்காமல் போவதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

ஸ்வரம்_ஹலசூரு

பிஎஸ்பி யோசனை வசதியானதுதான், ஆனால் கேட்டவர் கேம்பாய் சத்தத்தைத் தேடுகிறார். சாம்பிள் போட்டால் தம்புரா தம்புராவாகவே கேட்கும். 32 புள்ளி அலையில் ஜீவாவின் சாயலை வரவழைப்பதில் இருக்கும் குணம் அதில் வராது. இரண்டும் வேறு வேறு வாத்தியம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஈயப்பற்று

பதிவுச் சத்தம் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே நான்.

‘ஊஊ’ என்ற ஹம்மும் விசிலும் இரண்டு தனி நோய். ஹம் மின் இணைப்பில் இருந்து வருவது. சோதனை எளிது: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்யுங்கள். கேம்பாயும் ஏஏ செல்லில் ஓடட்டும், யுஎஸ்பி மின்சாரம் வேண்டாம். ஹம் போய்விட்டால் காரணம் சார்ஜர்தான். சார்ஜரோடுதான் பதிவு செய்தாக வேண்டும் என்றால், இரண்டுக்கும் நடுவில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும், 600 ஓம் வகை, இடது வலதுக்கு ஒவ்வொன்று. மிக மலிவான சின்ன டிரான்ஸ்ஃபார்மர் தாழ் ஒலியை விழுங்கும், தம்புரா மெலிந்துவிடும்.

விசில் ஐபிஎஸ் திரையின் வேலை. பேக்லைட்டுக்கான சுற்று வேகமாக ஆன், ஆஃப் ஆகும்போது மின் வழியில் சிற்றலை உண்டாகிறது, அது ஹெட்போன் ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்து பெரிதாகி வெளியே வருகிறது. திரை வெளிச்சத்தை மாற்றிப் பாருங்கள். விசிலின் சுருதியோ அளவோ மாறினால் சந்தேகமே இல்லை. பதிவின்போது வெளிச்சத்தை, விசில் குறைவாக இருக்கும் நிலையில் வைப்பது முதல் உதவி.

நிரந்தர மருந்து ப்ரோ-சவுண்ட் மாற்றம். ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கும் வால்யூம் சக்கரத்துக்கும் முன்னாலேயே எடுத்துவிடுவது. வெளியே ட்ரை-விங் ஸ்க்ரூ, உள்ளே போர்டைப் பிடிப்பது சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ. எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரே நடையில் எல்லாம் வாங்கிவிடலாம்: ட்ரை-விங் டிரைவர், 3.5 மிமீ ஸ்டீரியோ சாக்கெட், மெல்லிய ஷீல்டட் வயர், 0.6 மிமீ ஈயக் கம்பி, ஃப்ளக்ஸ். மெஷினைத் திறந்து வால்யூம் சக்கரத்தின் கால்களைப் பாருங்கள். எந்தக் கால் எது என்று இணையப் படத்தை மட்டும் நம்பாமல் இப்படிக் கண்டுபிடியுங்கள்: பாட்டு ஓடட்டும், சக்கரத்தைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள், ஒரு ஆம்ப் உள்ள ஸ்பீக்கரின் உள்ளீட்டு வயரை 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ஒவ்வொரு காலிலும் தொட்டுப் பாருங்கள். சக்கரம் பூஜ்யத்தில் இருந்தும் பாட்டு முழு அளவில் கேட்கும் இரண்டு கால்கள்தான் உங்களுக்கு வேண்டிய இடது, வலது. ஓ கட்டளையால் ஒலியை ஒரு பக்கம் தள்ளினால் எது இடது என்றும் தெரிந்துவிடும். கிரவுண்டை அதே சக்கரத்தின் கிரவுண்ட் காலில் இருந்தே எடுங்கள். பேட்டரி முனையில் இருந்தோ திரையின் பக்கத்தில் இருந்தோ எடுத்தால் விசிலையும் கூடவே கூட்டி வருவீர்கள்.

சால்டரிங் அயர்ன் 330 முதல் 350 டிகிரி, ஒரு காலில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்காதீர்கள், பழைய போர்டில் தாமிரப் பட்டை உரிந்து வரும். வயரைத் திரையின் ரிப்பனைத் தாண்டிக் கொண்டு போகாமல் ஓரமாக விடுங்கள். இந்த அவுட்டுக்கு வால்யூம் கட்டுப்பாடு கிடையாது, லைன் லெவல். மிக்ஸருக்கோ ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டுக்கோ போக வேண்டும், ஹெட்போனை நேராகச் செருகினால் சத்தம் மெலிசாகவும் தாழ் ஒலி இல்லாமலும் இருக்கும்.

மாற்றம் செய்ய மனமில்லை என்றால் ஹெட்போன் அவுட்டே போதும், சக்கரத்தை முழுக்க ஏற்றாமல் முக்கால் அளவில் வையுங்கள். முழு அளவில் உள்ளே இருக்கும் ஆம்ப் தானே பிசிறடிக்கும், பதிவில் அதைத் திருத்த முடியாது. உச்சம் −12 முதல் −6 டெசிபல் வரை வந்தால் போதும். சக்கரத்தைத் திருப்பும்போது கரகர என்றால் உள்ளே தூசி. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் அல்லது காண்டாக்ட் க்ளீனர் ஒரு துளி விட்டுப் பத்துப் பதினைந்து முறை சுழற்றுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், பிசுக்கு தங்கி இன்னும் தூசியைப் பிடிக்கும்.

ஜதி_ஜெயநகர்

வெளிச்சத்தைக் குறைத்ததும் விசிலின் சுருதி மாறுகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் ஹம் நின்றுவிட்டது. கடைசியாக ஒன்று: கண்ட நடைப் பகுதியில் எல்லாச் சேனலிலும் டேபிள் ஓடும்போது திரையில் ‘டூ பிஸி’ என்று வருகிறது, லயமும் லேசாக இடறுகிறது.

நாலு_சேனல்

செயலி திணறுகிறது. எமுலேட்டரில் பழைய சாம்பல் கேம்பாய் என்று தேர்வு செய்திருக்கிறீர்களா பாருங்கள். அது 4.19 மெகாஹெர்ட்ஸ். கலரில் இரட்டை வேகம் கிடைக்கும், இதே பாட்டு அதில் இடறாமல் போகலாம். அதிலும் வந்தால், நாலு டேபிள் ஒரே நேரத்தில் ஓடுவது பெரிய சுமை என்பதை நினையுங்கள். தொம்முக்கு டேபிள் வேண்டாம், இன்ஸ்ட்ருமென்ட்டின் டிரம் பிட்ச் முறையே போதும். ஜால்ராவுக்கும் வேண்டாம், என்வலப் போதும். டேபிளை மெலடிக்கு மட்டும் விடுங்கள், அதிலும் ஓடி முடிந்த டேபிளை ஏ20 என்ற கட்டளையால் நிறுத்திவிடுங்கள். அப்புறமும் வந்தால் மெலடியின் பிட்ச் முறையை ‘ஃபாஸ்ட்’டில் இருந்து ‘டிக்’குக்கு மாற்றுங்கள். சறுக்கல் சற்றுக் கரடாகும், அதனால் நீண்ட அசைவு இருக்கும் ஸ்வரங்களுக்கு மட்டும் ‘ஃபாஸ்ட்’ வைத்த இன்னொரு இன்ஸ்ட்ருமென்ட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.